வில்லும் வீதியும் விலையும்

புதிய மோட்டார் வண்டியொன்று தெருவுக்குள் வந்து நின்றால் அதன் விலையை விசாரியாது அகலும் வழக்கம் நம்மவரிடம் இல்லை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கடலையும் வயலையும் இரு பக்கமும் வைத்துக்கொண்டு நீண்டு கிடக்கும் கரையோர ஊர்களில் இந்த விசாரணைக்கு ஒரு தனி முறையே உண்டு. "எவ்வளவுக்கு எடுத்தது?" என்பது முதல் வினா. "லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்பது இரண்டாவது. "திருப்பி விற்றால் என்ன விலை போகும்?" என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் விடை கிடைத்தவுடன் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. வளைவிலே அது எவ்வாறு திரும்பும், குழியிலே எவ்வாறு இறங்கி ஏறும், திடீரென ஓர் எருமை குறுக்கே வந்தால் சாரதியின் கைக்கு எவ்வளவு தூரம் கட்டுப்படும் என்றெல்லாம் கேட்பார் அரியர். மாப்பிள்ளையின் குணத்தை விட்டுச் சம்பளத்தை மாத்திரம் விசாரித்துக் கலியாணம் பேசுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மேல்நாட்டு மோட்டார்ச் சஞ்சிகைகள் நெடுங்காலமாக ஒரு பந்தயத்தை நடத்தி வருகின்றன. 'ஸ்போர்ட்ஸ் செடான்' என்ற வகையைச் சேர்ந்த நான்கைந்து கார்களை ஒருங்கே நிறுத்தி, கட்டுப்பாடு, பயண சுகம், விலைக்கேற்ற பயன் என்ற மூன்று தட்டுகளில் அவற்றை நிறுத்துப் பார்ப்பதே அப்பந்தயம். நம் முன்னோர் 'சலூன்' என்று வழங்கிய நாற்கதவுக் காரே இந்தச் செடான். ஐவர் அமர இடமும் பொருள் வைக்கத் தனிப் பெட்டியும் உடையது. அத்தகைய குடும்பக் காருக்கு, ஓட்டுபவனும் மகிழும்படியான சுக்கானும் வில்லும் யந்திரமும் வாய்த்தால் அது ஸ்போர்ட்ஸ் செடான் ஆகின்றது.

இத்தகைய ஒப்பீடு செல்வர் வீட்டு இளைஞரின் பொழுதுபோக்கு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது. அத்தராசின் தட்டுகள் மூன்றும் நமக்கும் வேண்டியவையே. நிறுக்கும் இடத்தையும் எடைக்கற்களையும் மாத்திரமே மாற்ற வேண்டும். ஜெர்மானிய நெடுஞ்சாலைக்கு எழுதிய தீர்ப்பு கல்முனைக் கடைத்தெருவுக்குப் பொருந்தாது. நம் வீதிகளில் வைத்து இம்மூன்றையும் நிறுத்தால் என்ன தீர்ப்புக் கிடைக்கும் என்பதை நோக்குவோம்.

வில் செய்யும் வேலை

கரத்தையில் வயலுக்குப் போய்வந்த தலைமுறைக்கு வில்லின் அருமை தெரியும். நெல் ஏற்றும் கரத்தைக்கு வில் இல்லை. வீதியின் ஒவ்வொரு கல்லும் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பிலே நேரே வந்து பேசும். பிரயாணத்துக்கென்று கட்டிய வில் வண்டியோ அச்சுக்கும் தட்டுக்கும் இடையில் வளைந்த இரும்புத் தகடுகளை வைத்து அப்பேச்சைத் தணித்தது. மோட்டார் வண்டியின் வில்லமைப்பும் அடிப்படையில் அதுவே.

வில் மென்மையாயிருந்தால் சுகம், கடினமாயிருந்தால் துன்பம் என்று சுருக்கிவிடல் ஆகாது. மனித உடல் சில அதிர்வுகளைப் பொறுக்கும், சிலவற்றைப் பொறுக்காது. நாம் நடக்கும்போது நம் உடல் விநாடிக்கு ஒன்று முதல் இரண்டு தடவை வரை மேலும் கீழும் அசைகின்றது. பிறந்து நடை பழகிய நாள்முதல் அறிந்த அசைவாதலால் அது நமக்குத் துன்பம் தருவதில்லை. சாதாரணக் குடும்பக் காரின் வில்லும் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை தடவை அசையும்படியே அமைக்கப்படுகின்றது. விநாடிக்கு நான்கு முதல் எட்டுத் தடவை வரையான மேல்கீழ் அதிர்வே உடலை மிகவும் வருத்துவது. கடின வில்லும் ஒடுக்கமான டயரும் பூண்ட கார், கரடுமுரடான வீதியில் இத்துன்பத்தையே நமக்கு வாரி வழங்குகின்றது.

மறுபுறம், மிக மென்மையான வில்லும் தீங்கே. ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை மெல்ல எழுந்து மெல்லத் தாழும் அசைவு குமட்டலைத் தரும். தோணியில் ஏறிப் பழகியவர் வாழும் கரையில் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே வில்லுக்குத் துணையாக 'ஷொக் அப்சோபர்' எனப்படும் அதிர்வுதாங்கி வேண்டியதாயிற்று. வில் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும். அதிர்வுதாங்கி அதனை அடக்கி முடிக்கும். அதிர்வுதாங்கி எண்ணெய் கசிந்து செத்துப்போன பின்னும் 'வண்டி பஞ்சுபோல் ஓடுகிறது' என்று மகிழ்பவர் உளர். அது சுகமன்று, நோய்.

டயரும் ஒரு வில்லே. அதன் பக்கச் சுவரின் உயரத்தை அதன்மேற் பொறித்த எண்களிலிருந்தே கணக்கிடலாம். 195/65 என்றிருந்தால் அகலம் 195 மில்லிமீற்றர். பக்கச் சுவர் அதன் நூற்றுக்கு 65 பங்கு, அதாவது ஏறத்தாழ 127 மில்லிமீற்றர். 225/45 என்றிருந்தால் பக்கச் சுவர் ஏறத்தாழ 101 மில்லிமீற்றர் மாத்திரமே. ஓரங்குலம் குறைந்துவிட்டது. அந்த ஓரங்குல இறப்பரும் காற்றும் குறைந்ததன் பயனைக் காட்சியறையில் அழகாகவும், உடைந்த மதகின் விளிம்பில் வளைந்த சில்லாகவும் காண்கின்றோம். அழகுக்காகப் பெரிய சில்லும் தட்டையான டயரும் மாற்றிக்கொள்பவர், தாம் விலைகொடுத்து வாங்கிய சுகத்தை மீண்டும் விலைகொடுத்து அகற்றுகின்றார்.

பின்னிருக்கையில் இருக்கும் முதியவருக்கு இது வெறும் சுகமாய் இருக்கலாம். சாரதிக்கோ அதனினும் மேலானது. கல்முனையிலிருந்து கொழும்புக்கு எவ்வழியாற் போயினும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். நம்மவரிற் பெரும்பாலோர் அப்பயணத்தை இரவிலே மேற்கொள்கின்றனர். விமான நிலையத்துக்குப் போகும் பிள்ளை, பெரிய வைத்தியசாலைக்குப் போகும் நோயாளி, விடிந்தால் அமைச்சின் வாயிலில் நிற்கவேண்டிய ஆசிரியர் என இரவுப் பிரயாணத்துக்குக் காரணங்கள் பல. ஏழெட்டு மணிநேரம் உடலைக் குலுக்கி இரைச்சலால் காதை அடைக்கும் வண்டி, சாரதியின் விழிப்பைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். ஆதலின் சுகம் என்பது சோம்பேறியின் ஆசையன்று. விழிப்பைக் காக்கும் மருந்து.

திருப்பத்திலே தெரியும் தரம்

கட்டுப்பாடு என்ற சொல்லை வேகத்தோடு சேர்த்து மயங்குவோர் பலர். வேகமாக ஓடும் வண்டி வேறு. சொற்கேட்கும் வண்டி வேறு. சுக்கானைத் திருப்பியவுடன் திரும்பி, திருப்பிய அளவே திரும்பி, தடுப்பை மிதித்தால் நேராக நின்று, சாரதி செய்த சிறு பிழையையும் பொறுத்துக்கொள்ளும் வண்டியே கட்டுப்பாடு உடையது.

வளைவிலே வண்டியின் பாரம் வெளிப்புறச் சில்லுகளின்மேற் சாய்கின்றது. வண்டியின் பாரமையம் எவ்வளவு உயரமோ அவ்வளவு சாய்வு. செடான் கார் தாழ்ந்திருப்பதனாலேயே, இன்று நாகரிகமாகிவிட்ட உயர்ந்த வண்டிகளைவிட இவ்வகையில் இயல்பான நன்மையுடையது. மென்மையான வில் சாய்வை மிகுவிக்கும். கடினமான வில் குறைக்கும். சுகத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான பழம்பகை இங்கேதான் பிறக்கின்றது. இப்பகையைத் தீர்த்து இருவரையும் ஒரே வீட்டில் வாழச்செய்த கார்களே நல்ல ஸ்போர்ட்ஸ் செடான்கள் என்று பெயர் பெற்றன.

கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகளைக் கடந்தவர்க்கு இதற்கு உதாரணம் வேண்டியதில்லை. அவ்வீதி திருத்தி அகலப்படுத்தப்பட்ட பின்னும் வளைவு வளைவே. ஆயினும் மலைவளைவைக் காட்டிலும் நம் சமதரையே பொல்லாதது. மலையிலே சாரதி அஞ்சி மெல்லச் செல்கின்றான். சமதரையிலோ வீதி நேராகக் கிடப்பதைக் கண்டு மயங்கிவிடுகின்றான். அந்நேர வீதியிலேதான் விளக்கில்லாத பெட்டியை இழுத்துக்கொண்டு லேண்ட்மாஸ்டர் போகும். மாடுகள் தார்ச் சூட்டைத் தேடிப் படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் வீதியின் ஒருபாதியில் நெல் காயும். அம்பாறைப் பக்கம் திரும்பினால் யானையும் வரும். இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினால் சாரதி சுக்கானை ஒருபுறம் வெட்டி, அடுத்த கணமே மறுபுறம் வெட்டவேண்டும். முதல் வெட்டிலே ஒருபக்கம் சாய்ந்த பாரம் இரண்டாம் வெட்டிலே மறுபக்கத்துக்குப் பாய்கின்றது. வண்டிகள் புரள்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது வெட்டிலே.

சுவீடன் நாட்டார்க்கு இதே தொல்லை அங்குள்ள பெருமான் வடிவில் வருகின்றது. ஆகவே அந்நாட்டுச் சஞ்சிகையாளர் புதிய கார்களை இவ்விரட்டை வெட்டினால் சோதிப்பது வழக்கம். 1997ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் புதிய 'ஏ' வகுப்புக் கார் அச்சோதனையிற் புரண்டது. உலகப் புகழ்பெற்ற அந்நிறுவனம் விற்ற கார்களைத் திருத்தி, சறுக்கலை உணர்ந்து ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே தடுத்து வண்டியை நேர்ப்படுத்தும் மின்னணுச் சாதனத்தை அவ்வகைக் கார்கள் யாவற்றிலும் பொருத்த நேர்ந்தது. அதுவரை செல்வர் கார்களிலே மாத்திரம் இருந்த அச்சாதனம் சிறிய கார்களுக்கும் இறங்கிவரத் தொடங்கியது. 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயமாயிற்று. சுவீடனின் மானுக்கும் நம் வயற்கரை எருமைக்கும் சட்டம் ஒன்றே. பழைய கார் வாங்கப் போகிறவர் வானொலியைப் போட்டுப் பார்க்குமுன், அச்சாதனம் அதில் உண்டா என்று பார்ப்பாராக.

பழைய சலூன்கள் புகட்டிய பாடம்

இப்பகையைத் தீர்க்கும் வித்தை புதியதன்று. 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் வெளிவந்த மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதனை வகுத்தவர் இன்று துருக்கியில் இஸ்மீர் எனப்படும் நகரிலே 1906இற் பிறந்த அலெக் இசிகோனிஸ். முதல் மாதிரியைக் கட்டி முடித்த பின்னர் அதன் அகலம் போதாதென்று அவர் கண்டார். காரை நடுவே இரண்டாக வெட்டி, பகுதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகற்றியபோதே அவர் மனம் அமைந்தது. அக்காரின் முன்மூடியின் நடுவே இன்றும் காணப்படும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். சில்லுகள் அகன்று நின்றதாலும், முன்சில்லுகளுக்கு முறுக்குக் கம்பி வில்லும் நேர்த்தியான சுக்கானும் வாய்த்ததாலும், 918 கன சென்ரிமீற்றர் யந்திரமுடைய அச்சிறு வண்டி தன்னிலும் விலைமிக்க கார்களுக்கு வளைவிலே பாடம் கற்பித்தது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் அதுவே. நம் நாட்டிலோ அது தலைமுறை தாண்டியும் ஓடியது. அதற்கான தகட்டுப் பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டதும் உண்டு.

பிரான்சிய பியூஜோ வேறொரு பாடத்தைப் புகட்டியது. வில்லைக் கடினமாக்காது, நீண்ட தூரம் ஏறி இறங்கவிட்டு, நல்ல அதிர்வுதாங்கியால் அடக்கினால் சுகமும் கட்டுப்பாடும் ஒருங்கே கிட்டும் என்பதே அது. கிழக்கு ஆபிரிக்காவின் மண்வீதிகளிலும் சேற்றிலும் நடந்த சபாரிப் பந்தயத்தில் பியூஜோ 404 கார் 1963, 1966, 1967, 1968 ஆகிய நான்கு ஆண்டுகளில் வெற்றி பெற்றது. தார் மினுங்கும் பந்தயத் திடலில் வெல்லும் கார் வேறு, குழி நிறைந்த வீதியில் வெல்லும் கார் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பொல்லாத பாடமும் ஒன்றுண்டு. அமெரிக்காவின் செவ்ரோலெற் கோர்வெயர் என்ற கார், பின்புறம் யந்திரமும் ஊசலாடும் பின்னச்சும் உடையது. திருப்பத்திலே பின்சில்லு உள்மடிந்து வண்டி திடீரெனச் சுழலக்கூடும் என்று ரால்ப் நாடர் 1965இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயம் அதன்மேற் குற்றம் சாட்டியது. கட்டுப்பாடு சாரதியின் திறமையை மாத்திரம் பொறுத்ததன்று, வண்டியை வகுத்தவனின் பொறுப்புமாகும் என்ற எண்ணம் உலகெங்கும் பரவ அந்நூல் பெரிதும் துணைசெய்தது.

அக்காலத்தில் 'ஸ்போர்ட்ஸ் சலூன்' என்ற பெயருக்கு இலக்கணமாய் நின்றது 1959இல் வந்த ஜாகுவார் மார்க் 2. அதன் 3.8 லீற்றர் யந்திரத்தை இங்கிலாந்திற் பொலிசாரும் விரும்பினர். அவரிடமிருந்து தப்ப முயன்றோரும் விரும்பினர். 1962இல் உற்பத்திக்கு வந்த பி.எம்.டபிள்யூ 1500 அவ்விலக்கணத்தைச் சிறிய உடலுக்குள் அடக்க முயன்றது. அதன் வழித்தோன்றலே 1975 முதல் வரும் மூன்றாம் வரிசைக் கார். இன்றும் ஒப்பீட்டுக்காரர் பிற செடான்களை அதனோடு வைத்தே அளக்கின்றனர்.

இக்காலத்து நால்வர்

நம் வீதிகளில் உள்ள செடான்களுள் நான்கை எடுத்து மூன்று தட்டிலும் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது டொயோட்டா பிரிமியோ. 2007 முதல் 2021 வரை செய்யப்பட்ட தலைமுறையே நாம் மிகுதியும் காண்பது. இதனை ஸ்போர்ட்ஸ் செடான் என்று அதன் தாயும் சொல்லமாட்டாள். பின்சில்லுகள் இரண்டும் ஓர் உத்திரத்தால் இணைந்தவை. ஒன்று குழியில் விழுந்தால் மற்றதற்கும் செய்தி போகும். ஆயின் வில் மென்மை, டயரின் பக்கச் சுவர் உயரம், அகலம் 1,695 மில்லிமீற்றர் மாத்திரம். சாய்ந்தமருதின் ஒடுக்கமான குறுக்குத் தெருவில் எதிரே ஒரு முச்சக்கர வண்டி வரும்போது அவ்வகலத்தின் அருமை தெரியும். சுகத்தில் முதன்மை, கட்டுப்பாட்டில் பிழையில்லை, மகிழ்ச்சியும் இல்லை.

இரண்டாவது ஹொண்டா சிவிக்கின் பத்தாம் தலைமுறை. 2015இல் வந்த இக்கார் முன்னையதிலும் தாழ்ந்தது, அகன்றது. பின்சில்லு ஒவ்வொன்றும் பல கரங்களால் தனித்தனியே பிடிக்கப்பட்டது. ஆதலால் குழியின் அதிர்ச்சியை ஒரு மூலையிலேயே முடித்துவிடவும், வளைவிலே டயரை நிலத்தோடு சரியாகப் பதிக்கவும் அதற்கு இயலும். நம் நாட்டிற் புகழ்பெற்றது 988 கன சென்ரிமீற்றர், மூன்று சிலிண்டர், டர்போ பூட்டிய சிறு யந்திரமுடைய வகை. ஏறத்தாழ 129 குதிரைவலு தருவது. தாழ்ந்த வயிறு மாத்திரம் உயர்ந்த வேகத்தடைகளில் உரசும்.

மூன்றாவது மஸ்டா அக்சேலா. பிறநாடுகளில் மஸ்டா 3. சுக்கானின் பேச்சைக் கைக்குச் சொல்லுவதில் இதற்கு நிகரானவை இவ்விலையில் அரியன. 2013இல் வந்த தலைமுறை பின்சில்லுகளைப் பல கரங்களாற் பிடித்தது. 2019இல் வந்ததோ உத்திர அமைப்புக்கு இறங்கிவிட்டது. இருந்தும் ஓட்டத்தில் அது பெரிதும் கெட்டுப்போகவில்லை. அமைப்பின் பெயரைவிட அதனை இசைவித்த கையே முக்கியம் என்பதற்கு இது சான்று. நல்ல வீணையிருந்தாற் போதாது. சுருதி சேர்ப்பவனும் வேண்டும்.

நான்காவது பி.எம்.டபிள்யூ மூன்றாம் வரிசை. பாரத்தை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பகிர்ந்து, பின்சில்லால் உந்தப்படுவது. வளைவிலே இதன் நடை மற்ற மூன்றையும் வெல்லும். ஆயின் இவ்வரிசையிற் பல கார்கள், காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய தடித்த சுவர் டயரோடும், மாற்றுச் சில்லு இல்லாமலும் வருகின்றன. அத்தடித்த சுவர் குழியின் அடியை உள்ளே அனுப்பும். இரவிலே சியம்பலாண்டுவைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் அத்தகைய டயர் கிழிந்தால், அதற்கு மாற்று அடுத்த நாள் கொழும்பிலிருந்தே வரவேண்டியிருக்கலாம். சிறந்த கார்தான், நம் ஊரிலிருந்து மிகத் தூரத்திற் பிறந்த கார்.

விலையை யார் எழுதுகிறார்?

மூன்றாவது தட்டே நம் நாட்டில் மற்றிரண்டையும் ஆட்டிவைப்பது. மேல்நாட்டில் விலை பெரும்பாலும் தொழிற்சாலையில் எழுதப்படுகின்றது. இங்கே அது திறைசேரியில் எழுதப்படுகின்றது. உற்பத்தி வரி யந்திரத்தின் கன அளவை ஒட்டியது; ஆயிரம், ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து ஐந்நூறு என்ற படிகளைத் தாண்டத் தாண்டப் பாரம் ஏறும். மேற்சொன்ன சிவிக்கின் 988 என்ற எண் நம்மவர்க்கு இனித்ததன் இரகசியம் இதுவே. ஆறு சிலிண்டருக்குப் புகழ்பெற்ற பி.எம்.டபிள்யூவும் மூன்று சிலிண்டருடைய ஒன்றரை லீற்றர் 318ஐ வகையோடு இங்கு விலைப்பட்டது. வில்லுக்கும் தடுப்புக்கும் வரியில்லை. கன அளவுக்கே வரி. எனவே நல்ல வில்லமைப்பும் சிறிய யந்திரமும் உடைய செடான், நம் நாட்டின் கணக்கில் மற்றெங்கும் இல்லாத இலாபத்தைத் தரும்.

திறைசேரியின் கதவு சிலவேளை முற்றாகவும் அடைபடும். 1960களில் அந்நியச் செலாவணி முடையால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை பழைய மொரிஸும் பியூஜோவும் திருத்தித் திருத்தி ஓட்டப்பட்டன. 1970களில் உபாலி விஜேவர்தன பியட், மஸ்டா கார்களை இங்கேயே பொருத்தி விற்றதும் அக்காலத்தின் கதை. அதே கதை 2020 மார்ச்சில் மீண்டது. தனியார் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி முதலாம் திகதியே மீளத் திறந்தது. இடையிலே வாங்கிய விலைக்கு மேலாக விற்கும் விசித்திரப் பொருளாகப் பழைய கார் மாறியது. 2022இல் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றோம். வாராந்தப் பங்கீடு 2023 செப்ரெம்பர் வரை நீடித்தது.

இவ்வனுபவம் நம்மவர் மனத்தில் ஒரு தவறான பாடத்தைப் பதித்துவிட்டது. கார் என்பது ஓடும் வண்டியன்று, ஓடாத காணி என்ற எண்ணமே அது. விற்பனை விலை குறையாதென்பதற்காகவே ஒரு காரை வாங்கி, அதன் டயர் தேய்ந்த பின்னும் மாற்றாது வைத்திருப்பவர் பலர். வெளிநாட்டில் உழைத்த பணத்தையும் 'லீசிங்' கடனையும் சேர்த்து முப்பது வருட ஆசையை வாங்கியவர்க்கு அதன் விலையைப் பற்றிய அச்சம் இயல்பே. ஆனால் இறக்குமதி திறந்தவுடன் காணிக்கணக்கு பொய்த்துப்போகும். ஓட்டக்கணக்கு ஒருபோதும் பொய்க்காது.

ஓட்டக்கணக்கு எளியது. வாங்கிய விலையிலிருந்து விற்கக்கூடிய விலையைக் கழிக்க. கடன் வட்டி, எரிபொருள், டயர், திருத்தச் செலவு ஆகியவற்றைக் கூட்டுக. ஓடிய கிலோமீற்றராற் பிரிக்க. வருவதே உண்மை விலை. நம் கரையிலே அக்கணக்கில் இன்னொரு வரியையும் எழுதவேண்டும்: உப்பு. கடற்காற்று தகட்டை மாத்திரம் தின்பதில்லை. வில்லின் அடிப்பீடத்தையும், அதிர்வுதாங்கியின் தண்டையும், தடுப்பின் குழாயையும் மறைவாகத் தின்கின்றது. மேற்புறம் மினுங்க மெழுகு பூசுவோர், வண்டியின் அடிப்புறத்தை நன்னீராற் கழுவ மறந்துவிடுகின்றனர்.

தீர்ப்பு

ஊருக்குள்ளும் வயலுக்குமாக ஓடி, ஆண்டுக்கு ஓரிரு முறை மாத்திரம் தலைநகர் செல்லும் குடும்பத்துக்குப் பிரிமியோவே தக்கது. அதற்கு மேலான கட்டுப்பாட்டுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வாசலிலேயே நிற்கும். மாதந்தோறும் மலைகடந்து கொழும்பு போய்வருபவர்க்கு, சிறிய சில்லும் உயரமான டயரும் பூண்ட சிவிக்கோ பழைய தலைமுறை அக்சேலாவோ மூன்று தட்டையும் சமன்செய்யும். உதிரிப்பாகமும் திருத்துநரும் அருகில் உள்ளவர்க்கே பி.எம்.டபிள்யூ பயன்தரும், நம் கரையில் அது பெரும்பாலும் பெருமைக்குக் கொடுக்கும் விலை.

எந்தக் கார் ஆயினும், முதற் செலவு ஒலிபெருக்கிக்கும் மினுங்கும் சில்லுக்கும் ஆகாது. நல்ல டயர் நான்கும், உயிருள்ள அதிர்வுதாங்கி நான்கும், நம்பத்தக்க தடுப்பும் முதலில் வேண்டும். பழைய கார் ஒன்றின் கட்டுப்பாட்டை மீட்க இதனினும் மலிவான வழி இல்லை. ஐவருக்குச் செய்த காரில் எண்மரை ஏற்றினால் எந்த வகுப்பாளனின் திறமையும் பயன்படாது. பாரத்தின் அளவைப் பற்றி வள்ளுவர் மயிற்பீலி வண்டியைக் காட்டி எச்சரித்து நெடுங்காலமாயிற்று. பின்னிருக்கைப் பட்டி அமர்வதற்கான அலங்காரமன்று என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

நம் ஊர்களில் ஒருவர் வாங்கும் கார் ஒருவருடைய காராக இருப்பதில்லை. நள்ளிரவிலே பிரசவ வேதனை கண்ட அயல்வீட்டுப் பெண்ணை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது அது; தூரத்தூரிலே ஜனாஸா என்று செய்தி வந்தால் தெருவாரை ஏற்றிப் புறப்படுவதும் அதுவே. ஆகவே அதனைத் தெரிந்தெடுப்பவர் தெருவுக்காகவும் தெரிந்தெடுக்கின்றார். புதிய வண்டியொன்று வந்து நிற்கும்போது விலையைக் கேட்பது குற்றமன்று. அதன்பின், "வளைவிலே எப்படி?" என்றும் ஒரு கேள்வி கேட்கப் பழகுவோமாக. அக்கேள்விக்கு நல்ல விடை சொல்லக்கூடிய வண்டியே, எவ்விலைக்கு வாங்கினும் மலிவானது.